தங்கபுஷ்பம் இறக்கி வைத்த எடை

நான் குடிச்சவன் இல்ல. கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிரணும், ஏன்னா ஈரல் கெட்டுப்போச்சுன்னு சொன்ன உடனே எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி ஒரு தினுசாப் போகும் பாருங்க, 'ம்ம், நல்லா ஊத்திருக்கான்'னு, அந்த மூஞ்சியை உப்போடைப்பட்டியில இருந்து மதுரை வரைக்கும், பஸ்ல, ஆஸ்பத்திரி வரிசையில, ஸ்கேன் எடுக்கிற ரூம் வாசல்ல, எல்லா இடத்துலயும் பாத்தாச்சு. ஒரு சொட்டு தொட்டதில்லங்க. பிறக்கும்போதே ரத்தத்துல ஏறின மஞ்சக்காமாலைக் கிருமி, இத்தனை வருஷம் சத்தமில்லாம உள்ள உக்காந்து தின்னுருக்கு. தின்னது அது, கெட்ட பேரு எனக்கு. சரி, போகட்டும். இது என் கதை இல்ல, என் பொண்டாட்டி தங்கபுஷ்பத்தோட கதை. அவ தன் உடம்புல இருந்து பன்னிரண்டு கிலோவை இறக்கி வச்சா, அதை எங்க ஊரு வாங்கிக்கிடுச்சு, அவ்வளவுதான் கதை.

எங்க ஊரு சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில, ரயிலு ஊதிக்கிட்டே நிக்காமப் போற ஊரு. தேரடிக்குப் பக்கத்துல கருப்பட்டி மிட்டாய்க் கடை நம்மளது. போர்டுல தவசிலிங்கம் மிட்டாய்க் கடைன்னு என் பேரைத்தான் எழுதிருக்கு, ஆனா ஒருத்தனும் அப்படிச் சொல்ல மாட்டான், புஷ்பத்தக்கா கடைன்னுதான் சொல்லுவான். நியாயம்தான். அரிசியும் உளுந்தும் ஆட்டி எண்ணெயில பிழியிறது நான். கருப்பட்டிப் பாகைக் காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, கரண்டி நுனியில ஒரு சொட்டைத் தொட்டு நாக்குல வச்சு, கண்ணை மூடித் திறந்து, "ம், இறக்குங்க"ன்னு சொல்றது அவ. அவ சொன்னாத்தான் சட்டி இறங்கும். கல்யாணமான புதுசுல நான் ஒருதரம் பதம் பாத்துச் சொன்னேன். அவ சிரிச்ச சிரிப்புல அதுக்கப்புறம் அந்தப் பக்கம் வாயே திறக்கல.

மதுரை டாக்டர் சொன்னாரு, சொந்தத்துல யாராவது ஈரல்ல ஒரு பாதியை வெட்டிக் குடுத்தாத்தான் நான் பிழைப்பேன்னு, குடுத்தவங்களுக்கு அது மறுபடி வளந்துரும்னு. எங்கண்ணனுக்குச் சர்க்கரை, மகளுக்கு வயசு பத்தாது. புஷ்பத்துக்கு ரத்தம் சேந்துச்சு. "அப்ப வெட்டுங்க"ன்னு சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு எந்திரிச்சே நின்னுட்டா. டாக்டர் உக்காரச் சொன்னாரு.

"அம்மா, உங்க ஈரல்லயே கொழுப்பு படிஞ்சு கிடக்கு. இப்படியே வெட்டினா அவருக்கும் சேராது, உங்களுக்கும் ஆபத்து. பன்னிரண்டு கிலோ குறைச்சுட்டு வாங்க. மூணு மாசம், மிஞ்சிப்போனா நாலு மாசம். அதுக்கு மேல இவரு தாங்க மாட்டாரு."

சாப்பாட்டுக்கு வழி சொல்ல ஒரு பொண்ணு இருந்துச்சு, நல்ல பொண்ணு. சோறு கூடாது, இட்லி தோசை கூடாது, பரோட்டா கூடாது, சீனி கருப்பட்டி ரெண்டும் கூடாது. முட்டை சாப்பிடலாம், மீன், கறி, கீரை, தேங்காய், பன்னீர் சாப்பிடலாம்னு வரிசையாச் சொல்லுச்சு. புஷ்பம் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப எதைத்தான்மா பிசையிறது?"ன்னு கேட்டா.

அது ஐப்பசி மாசம். தீவாளி வாசல்ல நிக்குது, ஊரு பூரா அதிரச மாவு புளிக்குது, எங்க கடையில சட்டி இறங்காம ஏறிக்கிட்டே இருக்கு, அதுக்கு நடுவில இவ மட்டும் அவிச்ச முட்டையைக் கையில வச்சுக்கிட்டு அதை ஒரு தம்ளர் மோரோட முழுங்கிட்டு அடுப்படிக்கு வருவா. முதல் வாரம் தலைவலி, எரிச்சல், என்னைப் பாத்தாலே வள்ளுன்னு விழுந்தா. நான் வாயைத் திறப்பனா? என் உசுரு அவ தட்டுல இருக்கு.

அப்புறம் ஒருநாள் விடிகாலை, வாசல் தெளிக்கப் போனவ அங்கருந்தே சத்தம் குடுத்தா: "ஏங்க, இங்க வாங்க. என்னோட ஒரு கிலோ வெளிய வந்து உக்காந்திருக்கு."

போய்ப் பாத்தேன். உக்காந்திருந்துச்சு. ஒரு பனங்காய் பருமன், பிசைஞ்ச மாவு நிறம், தொட்டா இளஞ்சூடு. கண்ணு மூக்கு எதுவும் கிடையாது, ஆனா எந்தப் பக்கம் மூஞ்சின்னு பாத்தாத் தெரியும், ஏன்னா அவ நகந்தா அந்தப் பக்கம் உருண்டு திரும்புச்சு. "உள்ள தூக்கிட்டு வா, நாய் மோந்துரப் போகுது"ன்னேன். தராசுல வச்சோம், ஒரு குண்டுமணி கூடல குறையல.

பக்கத்து வீட்டுப் பேச்சிக்கனி குடத்தோட வந்தவ நின்னா, மூக்கை உறிஞ்சினா, குடத்தைக் கீழ வச்சுட்டா. "அய்யய்யோ மதினி, கேசரி வாசம்ல வருது! எங்க மூத்தவ கல்யாணத்துல பந்தியில உனக்கு ரெண்டாந்தரம் வச்சேனே, அந்தக் கேசரி!" அப்படியே அதை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு, "எங்க வீட்டுது, நான் கொண்டு போறேன்"னு போயிட்டா. அதுவும் சமத்தாப் போச்சு. ஊறுகாய்ப் பானையில மூடி மேல பாரமா வச்சா, அந்த வருஷம் அவ வீட்டு மாங்கா ஊறுன மாதிரி எந்த வருஷமும் ஊறல.

ரெண்டாவது வந்தது நோன்புக்கஞ்சி வாசம். ஊருக்கே தெரியும் அது டெய்லர் அபுதாகீர் வீட்டுக் கஞ்சின்னு, வருஷா வருஷம் தூக்குச்சட்டியில எங்களுக்கு அனுப்புவாரு. அன்னைக்குன்னு பாத்து மனுசன் துணி எடுக்கக் கோவில்பட்டி போயிட்டாரு. விளக்கு வைக்கிற நேரம் ஆச்சு, வாங்க ஆள் வரல, அது புஷ்பத்தோட மடியில ஏறுச்சு, ஏறினது ஏறினதுதான், காணாமப் போச்சு. எடை போட்டா மறுபடி கூடியிருக்கு. அப்பத்தான் புரிஞ்சுச்சு, சோறு போட்ட வீடு வந்து, இது எங்களதுன்னு சொல்லி வாங்கிக்கிடணும், இல்லாட்டி அது போக்கிடம் இல்லாமத் திரும்பிரும்னு. அடுத்த தடவை அது வெளிய வந்தப்போ அபுதாகீர் தொப்பியைப் போட்டுக்கிட்டு விடியிறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னாரு. "மன்னிக்கணும் தங்கச்சி, போன தடவை காக்க வச்சுட்டேன்"னு கிலோகிட்டயும் அவகிட்டயும் சேத்துச் சொன்னாரு. இன்னைக்கும் துணி வெட்டும்போது அதுதான் அவருக்கு மேசையில துணி பறக்காம உக்காந்திருக்கு.

அப்புறம் ஊருக்கு இது பழகிப்போச்சு. எந்த ஊரு எதுக்குப் பழகாது? காலையில எந்திரிச்சதும் எங்க வாசல்ல நாலு பேரு மூக்கை நீட்டிக்கிட்டு நிப்பாங்க. மளிகைக் கடை வெள்ளைச்சாமிக்கு அவரு அப்பா பதினாறாம் நாள் விசேஷத்து வடை வாசத்துல ஒண்ணு போச்சு, அவரு அதைப் படிக்கல்லா வச்சே வியாபாரம் பண்ணினாரு. எடை சரி பாக்க வந்த ஆபீசர் அதைத் தராசுல வச்சு முன்னும் பின்னும் பாத்து, தப்பே இல்லைன்னு சொல்லி, முத்திரையை எங்க குத்துறதுன்னு தெரியாம ஒரு குங்குமப் பொட்டு வச்சுட்டுப் போனாரு. செல்வக்கிளி டீச்சர் வீட்டுக் கைக்குழந்தை, பிறந்ததுல இருந்து அழுதுக்கிட்டே கிடந்தது, அவங்க வீட்டு ஆப்பத்தால வந்த கிலோவைப் பக்கத்துல போட்டதும் அதைக் கட்டிப் பிடிச்சுத் தூங்கிருச்சு. கிலோ வராத வீட்டுக்காரிகதான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாளுக. "ஏன் மதினி, எங்க வீட்டுல நீ தின்னதே இல்லையா, இல்ல எங்க சோறு உன் உடம்புல ஒட்டலையா?"ன்னு ஒருத்தி வந்து அழுதேவிட்டா. புஷ்பம் அவளைச் சமாதானம் பண்ணி அனுப்புறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

மார்கழி பிறக்கும்போது ஏழு கிலோ போயிருந்துச்சு. அவளுக்கு மோதிரம் கழண்டு கழண்டு விழுது, தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு மூச்சு வாங்காம மேடு ஏறுறா, நான் கட்டில்ல படுத்துக்கிட்டு, வயிறு ஒரு பக்கம் நீர் கோத்து உப்ப, அவளைப் பாத்துப் பூரிச்சுக் கிடக்கேன். அப்பத்தான் எங்க ஊருக்கு ஒரு யோசனை வந்துச்சு. என் பொண்டாட்டி மெலியணும்னு அம்மன் கோயில்ல பொங்கல் வைக்கிறதுன்னு.

வச்சாங்க. தெருவுக்கு ஒரு பானை. மண்டவெல்லமும் நெய்யும் முந்திரியும் போட்டு, குலவை போட்டு, "தாயே, எங்க புஷ்பம் இளைக்கணும்"னு வேண்டி, பூசை முடிஞ்சதும் அந்தச் சர்க்கரைப் பொங்கலை அள்ளி அள்ளி முதல் இலையை அவளுக்குத்தான் வச்சாங்க. பின்ன? வேண்டுதல் அவளுக்குத்தானே. சாமி பிரசாதம், வேண்டாம்னா சொல்லுவா? ஒவ்வொரு பானையில இருந்தும் ஒரு வாய். அபுதாகீர் அவரு பங்குக்குப் பள்ளிவாசல்ல சர்க்கரை ஓதிக் கொண்டாந்தாரு. மறுநாள் டீச்சர் சர்ச்சுல ஜெபம் பண்ணிட்டு கேக்கு. ஒரு ஊரே சேந்து, கும்பிட்ட சாமி அத்தனை பேரையும் சாட்சி வச்சுக்கிட்டு, என் ஈரலுக்கு உலை வச்சுச்சு, அதுவும் பாசத்தோட.

ரெண்டு நாள் கழிச்சு விடியக்காலம் தெருவுல ஒரே கூச்சல். எந்திரிச்சு வந்து பாத்தா, பேச்சிக்கனி வீட்டுக் கிலோ ஊறுகாய் எண்ணெயோட உருண்டு வருது, பின்னாடியே அவ முடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டு ஓடியாறா. மளிகைக் கடையில இருந்து குங்குமப் பொட்டு வச்சது வருது, வெள்ளைச்சாமி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு "ஏ நில்லு, ஏ நில்லுங்கேன்ல!"ன்னு கத்துறாரு. டீச்சர் வீட்டுது வருது, பின்னாடி குழந்தை வீறிட்டு அழற சத்தம். மூணும் எங்க வாசப்படி ஏறி, புஷ்பம் தடுக்கத் தடுக்க, அவ மடிக்குள்ள போயிருச்சுக. அவ அப்படியே உக்காந்துட்டா.

வெள்ளைச்சாமிதான் முதல்ல பேசினாரு. "தப்பு எங்க மேலதான் அண்ணாச்சி. தின்னுங்க தின்னுங்கன்னு சொல்லியே பழகிட்டோம், வேற மாதிரி பாசம் காட்டத் தெரியல."

அன்னையில இருந்து ஊரு மாறிருச்சு. அவளைப் பாத்து யாரும் சாப்டியான்னு கேக்கிறதில்ல, "முட்டை ஆச்சா மதினி?"ன்னுதான் கேப்பாங்க. கல்யாண வீட்டுப் பந்தியில அவ உக்காந்தா இலையில சோறு விழாது, அவிச்ச முட்டையும் வறுத்த மீனும் அவரைக்காயும் தனியா வரும். கோயில்ல பிரசாதம் குடுக்கிற பூசாரி அவளுக்குத் துளசியும் தேங்காய்ச் சில்லும் மட்டும் குடுத்து, "அம்மனும் இன்னைக்கு இதுதான் சாப்பிட்டா"ன்னு சொல்லிருவாரு. எந்த ஊருல நடக்கும் இது? சொல்லுங்க பாப்போம். போன மூணும் திரும்ப வந்துச்சு, புதுசா மூணும் வந்துச்சு, தைப்பொங்கல் கழியிறதுக்குள்ள பத்து கிலோ ஊருக்குள்ள இருக்கு.

பத்தோட நின்னுபோச்சு.

கடைசி ரெண்டு வரல. வாசல் தெளிக்கப் போறா, ஒண்ணுமில்ல. மறுநாளும் ஒண்ணுமில்ல. ஊரு மூக்கை நீட்டிக்கிட்டு வந்து, மூக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போகுது. அவ ராத்திரிச் சாப்பாட்டை விட்டா, கண்மாய்க் கரையைச் சுத்தி நடந்தா, மீனையும் பாதியாக் குறைச்சா, தராசு முள்ளு அசையல. ஆஸ்பத்திரிப் பொண்ணு போன்ல, "அம்மா, இப்படி நடுவில நிக்கிறது சகஜம்தான், ஆனா நமக்கு நாள் இல்ல, எதையோ விட்டுட்டோம், வாயில போற எல்லாத்தையும் ஒண்ணுவிடாமச் சொல்லுங்க"ன்னு கேட்டுச்சு. இவ ஒரு பொய் இல்லாமச் சொன்னா. அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் புரியல. எனக்கு அந்த வாரம் கண்ணு மஞ்சளாயி, பேசிக்கிட்டிருக்கும்போதே பேச்சு மறந்து போக ஆரம்பிச்சிருச்சு. நான் போயிருவேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு.

அன்னைக்குக் கடையில அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு அழுதா. நான் ஓரமா நார்க்கட்டில்ல கிடக்கேன். "நான் என்னங்க திங்கிறேன்? ஒரு பருக்கை தொட்டு எத்தனை மாசமாச்சு? பச்சைப் புள்ளைகூட இப்படி வயித்தைக் கட்டாதுங்க. உங்களைப் பறிகுடுக்கத்தான் இந்தச் சனியன் பிடிச்ச கொழுப்பு என்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதா?" அழுதுக்கிட்டே, கை அது பாட்டுக்கு வேலை செய்யும்ல, பாகுல கரண்டியை விட்டு, நுனியில ஒரு சொட்டைத் தொட்டு, நாக்குல வச்சு, கண்ணை மூடித் திறந்து, மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "ம், இறக்குங்க"ன்னா.

நான் பாத்தேன். இத்தனை வருஷமாப் பாத்ததை அன்னைக்குத்தான் பாத்தேன்.

"புஷ்பம், இப்ப வாயில என்ன வச்ச?"

"எதுங்க?"

"இப்ப நாக்குல வச்சியே."

"பதம் பாத்தேன்."

"அதை அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னியா?"

"பதம் பாக்கிறது சாப்பாடாங்க? அது வேலைல்ல."

ரெண்டு பேரும் அந்தக் கரண்டியைப் பாத்தோம். காலையில ஏறுற முதல் சட்டியில இருந்து அந்தியில இறங்குற கடைசிச் சட்டி வரைக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொட்டு, சந்தேகம் வந்தா இன்னொரு சொட்டு. எங்க ரெண்டு பேருக்குமே அது வாயில போறதாத் தோணினதே இல்ல. அவ தலையில அடிச்சுக்கிட்டா. நான் சிரிச்சேன், சிரிக்க முடியாம வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

"கடையை மூடிருவோம்"னேன்.

"வாயைக் கழுவுங்க. அடுப்பு அணைஞ்சா ஊரு என்ன நினைக்கும்? நீங்க போயிட்டீங்கன்னு மாலை வாங்கிட்டு வந்துருவாங்க. சட்டி ஏறும். நான் நாக்குல வைக்க மாட்டேன், அவ்வளவுதானே?"

ஊருக்குச் சேதி போச்சு. பொம்பளைக முறை வச்சு வந்து பதம் பாத்தாளுக. பேச்சிக்கனி இன்னும் சுக்கு வேணும்னா, டீச்சர் சுக்கே வேண்டாம்னாங்க, ஒருத்தி இளம்பாகுல இறக்குன்னா, ஒருத்தி கருக விட்டா. அந்த மாசம் எங்க கடையில போட்ட மிட்டாய் இருக்கே, நானே சொல்றேன், மாட்டுக்கு வச்சா மாடு நம்மளை முட்டும். ஒருநாள் பிசுபிசுன்னு தாள்ல ஒட்டும், மறுநாள் கல்லா இறுகும். அதைத்தான் எங்க ஊரு வாங்கித் தின்னுச்சு. வீட்டுக்குக் கொண்டு போய்த் திங்கல, கடை வாசல்லயே நின்னு, அவ காதுல விழணும்னு கடக்கு கடக்குன்னு கடிச்சுத் தின்னுச்சு. வெள்ளைச்சாமிக்குக் கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடிருச்சு, மனுசன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே, "அருமைத்தா, இன்னொரு கால் கிலோ போடு"ன்னாரு. அவ அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. தன் கைப்பேரு கெட்டுப் போறதைத் தன் கண்ணாலயே பாத்துக்கிட்டு, ஒரு சொட்டு நாக்குல வைக்காம நின்னா பாருங்க, பட்டினி கிடந்ததை எல்லாம் விட எனக்கு அதுதான் பெருசு.

மாசி பிறந்து ஒரு காலையில அது வந்துச்சு. வீட்டு வாசலுக்கு வரல, கடைப் படிக்கட்டுல உக்காந்திருந்துச்சு. ரெண்டு கிலோவும் ஒண்ணாச் சேந்து ஒரே உருண்டை, மாவு நிறமில்ல, கருப்பட்டி நிறம், வெயில்ல பளபளன்னு. தெரு முக்கு வரைக்கும் பாகு வாசம். ஊரு கூடிருச்சு, ஆனா ஒருத்தரும் தொடல. யாரு வீட்டுதுன்னு எல்லாருக்கும் தெரியும். விலகி வழி விட்டு, எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

தம்ளர் தூக்கத் தெம்பில்லாதவன் நான். அபுதாகீர் தோளைக் குடுத்தாரு, அவரை உதறிட்டு நானா நடந்தேன், சுவத்தைப் பிடிச்சு, தூணைப் பிடிச்சு, படியில போய் உக்காந்தேன். "இது எங்க கடைப் பாகு"ன்னேன். சத்தம் வரல. மறுபடி சொன்னேன், ஊருக்கே கேக்கிற மாதிரி: "இது என்னோடது. என் கடைக்காக அவ நாக்குல வச்சது. நான் வாங்கிக்கிறேன்." அது உருண்டு வந்து என் மடியில ஏறிச்சு. கனமே தெரியல. வெக்கப்படாம அழுதேன்.

மதுரையில ஸ்கேன் பாத்த டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "கொழுப்பே இல்லையேம்மா. எப்படிக் குறைச்சீங்க?" புஷ்பம் நிமிந்து உக்காந்து, "எங்க ஊரு வாங்கிக்கிடுச்சு சார்"னா. அவரு சரி சரின்னு தலையாட்டி நாள் குறிச்சாரு. வெட்டினாங்க, வச்சாங்க, தைச்சாங்க, ரெண்டு பேரும் ஒரே மாதிரித் தழும்போட ஊரு திரும்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கினா, அவங்கவங்க வீட்டுக் கிலோவை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு ஊரே நிக்குது. அவ அந்தக் கூட்டத்துக்கு நடுவில கையை வீசிக்கிட்டு நடந்த நடை இருக்கே, தேரு தோத்துரும்.

ஆவணியில மறுபடி அடுப்பு முன்னாடி நின்னோம். கருப்பட்டி நிறத்து உருண்டை அடுப்படி ஓரத்துல மணைப்பலகை மேல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கு. பாகு கொதிக்குது. அவ கரண்டியை விட்டு எடுத்தா, பழக்கத்துல வாய்கிட்டக் கொண்டு போனா, நிறுத்தினா. அந்த உருண்டையைப் பாத்தா. என்னைப் பாத்தா. அப்புறம் ஒரு சொட்டைத் தொட்டு என் நாக்குல வச்சா.

"சொல்லுங்க."

நான் கண்ணை மூடினேன். கல்யாணமான புதுசுல அவ சிரிச்ச சிரிப்பு ஞாபகம் வந்துச்சு. ஆனா நாக்குல இருந்து அந்தச் சொட்டு உள்ள இறங்கி, விலாவுக்குக் கீழ, அவ எனக்குக் குடுத்த இடத்தைத் தொட்டுச்சு, தொட்டதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யாரோ உள்ள இருந்து சொல்ற மாதிரித் தெரிஞ்சுச்சு.

"இன்னும் ஒரு கொதி. சுக்கு ஒரு சிட்டிகை கம்மி"ன்னேன்.

அவ சிரிக்கல. குனிஞ்சு பாகு கொதிக்கிறதைக் கொஞ்ச நேரம் பாத்தா. ஒரு சிட்டிகை சுக்கை எடுத்துத் தூவினா, ஒரு கொதி வர விட்டா, முந்தானையால சட்டிக் காதைப் பிடிச்சா.

"ஆமா, நானும் அதைத்தான் நினைச்சேன்"னு சொல்லி இறக்கினா.